ஒன்பதாவது கட்டம்

…ஆமாங்க என்று சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கே நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருந்தால் இன்றைக்கு இந்த நீள நடைபாதையில், இந்த இரும்புப் பெஞ்சில், கையை எங்கே வைப்பது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் யார் கேட்டாலும் எனக்கு ஆமாங்கதான் வருகிறது, ரிஜிஸ்டரும் பேனாவுமாக ஒருவர் எதிரில் வந்து நின்றால் போதும், மூளை எழுந்திருப்பதற்குள் வாய் ஓடிப்போய் நின்றுவிடுகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லி வைத்தார்கள், ஜெயில் பழக்கம் எதுவரைக்கும் என்று யாராவது சொல்லி வைத்தார்களா… ஒன்பது வருடம். மாதம் ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் வருவார், கூடவே ஒருவர் பெரிய பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், நாங்கள் வரிசையில் நிற்போம். சாப்பாடு சரியா வருதா, ஆமாங்க, டாக்டர் வந்து பாத்தாரா, ஆமாங்க, டாக்டர் என்ற ஜீவனைக் கண்ணால் பார்த்து எட்டு மாதம் ஆகியிருக்கும், இருந்தாலும் ஆமாங்க. நான் போன புதிதில் ஒருத்தி மட்டும் இல்லீங்க என்று சொன்னாள். அதிகாரி சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டு போனார், அவர் கார் வெளியே போனதும் அவளை முற்றத்தில் நிறுத்தினார்கள், நிழல் அவள் காலடியிலிருந்து கிளம்பி எதிர்ச்சுவர்வரைக்கும் போகிறவரை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு எங்கள் யாருக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

வெளியே வந்தும் வரவில்லை, அதுதான் கூத்து. விடுதலையான பெண்கள் தங்குகிற இந்த இல்லத்துக்கு வந்த முதல் நாள் டீச்சர், இல்லத்தை நடத்துகிறவர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்குமே டீச்சர்தான், டீயில் சர்க்கரை ரெண்டு ஸ்பூனா என்று கேட்டார், கையில் அப்போது ஏதோ நோட்டு வேறு வைத்திருந்தார், ஆமாங்க என்றேன். எனக்குச் சர்க்கரை பிடிக்காது. பதினான்கு மாதமாகப் பாகு குடித்துக்கொண்டிருக்கிறேன். டீயோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் வந்த நான்காவது மாதம் ரிஜிஸ்டர் அண்ணன் மேசைக்குக் கூப்பிட்டார், அவர்தான் இல்லத்தில் எழுத்து வேலையெல்லாம் பார்ப்பவர், நல்ல மனிதர், எறும்பைக்கூட விலகிப் போகச் சொல்லிவிட்டுத்தான் நடப்பார். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வேலை கத்துக்கிட்டீங்களா, ஆமாங்க, இரவில் தூக்கம் வருதா, ஆமாங்க, அடையாள அட்டை வாங்கியாச்சா, ஆமாங்க, ஒன்பதாவது கட்டம், குடும்பத்தோட சேர்ந்துட்டீங்களா… ஆமாங்க. யாரோட, என்று நிமிர்ந்து பார்த்தார். மகளோட என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது, ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லி நீல மையில் ஆம் என்று எழுதி, பக்கத்தில் மகள் என்றும் எழுதி, நம்பர் இருக்கா என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். நான் திரும்பிச் சலவைக் கூடத்துக்கு வந்து ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிக்க ஆரம்பித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். அண்ணே, தப்பா சொல்லிட்டேன், எழுதினதை அடிச்சுடுங்க என்றால் அவர் கோடு போட்டு அடித்திருப்பார், கோபித்துக்கொள்கிற ஆளில்லை. ஏன் போகவில்லை? மறுநாள் போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஆபீஸ் அறையைப் பெருக்கப் போனபோது ரிஜிஸ்டர் மேசை மேல் திறந்து கிடந்தது, என் பெயர், அதற்கு நேரே ஒன்பதாவது கட்டத்தில் ஆம், மகள். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உலகத்தில் எந்தக் காகிதத்தில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறது? தீர்ப்பில் எழுதியிருக்கிறது, அதில் அவள் சாட்சி. அதன் பிறகு பெருக்குகிற முறை என்னுடையதாக இல்லாத நாளிலும் நானே போய்ப் பெருக்கினேன், பெருக்குகிற சாக்கில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி முழங்கையால் இடித்து, “என்ன, வாய்க்குள்ளயே பேசிக்கிட்டு இருக்கே?” என்கிறாள். மேஸ்திரி என்பது நாங்கள் வைத்த பெயர், சலவைக் கூடத்தில் அவள் வைத்ததுதான் சட்டம், போர்வையின் ஓரம் விரல்கடை தள்ளிப்போனாலும் பிரித்துத் திரும்ப மடிக்கச் சொல்வாள். இன்றைக்கு எங்கள் இருவரையும் டீச்சர் அழைத்து வந்திருக்கிறார், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மட்டும் முதலில் போயிருக்கிறார். உள்ளே குழு. மூன்று வருடமாக அரசாங்கம் கொடுத்த பணத்தில்தான் எங்கள் பன்னிரண்டு கட்டிலும், சலவை இயந்திரமும், ரிஜிஸ்டர் அண்ணனும், நாங்களும் ஓடிக்கொண்டிருக்கிறோம், இந்த மாதத்தோடு அது முடிகிறது, இன்னும் மூன்று வருடம் கொடுப்பதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவு செய்யப் போகிறார்கள். வருகிற வழியில் பஸ்ஸில் டீச்சர் சொன்னார், நூறு பேரில் அறுபது பேராவது குடும்பத்தோடு சேர்ந்திருந்தால்தான் நல்ல இல்லம் என்று விதியாம். எங்கள் பன்னிரண்டு பேரில் எட்டு ஆம். எட்டு இருந்தால் தப்பித்தோம், ஏழு என்றால் கோவிந்தா. அடுத்த மாதம் ஐந்து பேர் விடுதலையாகிறார்கள், அவர்களுடைய கடிதம் டீச்சரின் பையில் இருக்கிறது, எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று ஒரே கையெழுத்தில் ஐந்து பேருக்கும் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லுங்க என்றார் டீச்சர், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கிற உண்மையா பாத்துச் சொல்லுங்க என்றார்.

நல்லா இருக்கிற உண்மை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். குழாயடியில் சண்டை, அது உண்மை. தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும், எதிர்வீட்டுக்காரி என் குடத்தை நகர்த்தி அவள் குடத்தை வைத்தாள், அவள் ஒன்று சொன்னாள், நான் ஒன்பது சொன்னேன், பிறகு தள்ளினேன். ஒரே ஒரு தடவை. படிக்கட்டின் விளிம்பு அங்கே இருந்தது. தள்ளினது மட்டும்தான் நான், என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், அந்த மட்டும்தான் என்ற சொல்லைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, அவள் செத்துப்போனாள். அவள் வீட்டில்தான் என் மகள் பாதி நாள் சாப்பிடுவாள், அவள் பிள்ளையும் இவளும் ஒரே வகுப்பு. எட்டு வயது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள், கோர்ட்டில் ஒரு பெட்டி மேல் ஏற்றி நிறுத்திக் கேட்டார்கள், பார்த்ததைச் சொன்னாள். அதற்காக அவள் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை, இதை அவளிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றுதான் ஒன்பது வருடம் வைத்திருந்தேன். அவள் அப்பா அடுத்த வருடமே வேறு ஊரில் வேறு குடும்பம் என்று ஆகிவிட்டார், நாத்தனார்தான் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். மூன்று தடவை பார்க்கக் கூட்டி வந்தாள். மூன்றாவது தடவை பதினொரு வயது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இனிமே நான் வரலம்மா, பஸ்ல வாந்தி வருது என்றாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. சரிடா கண்ணு என்றேன். அதுதான் கடைசி.

நாத்தனாரைக் குறை சொல்ல நாக்கு எழாது. வெளியே வந்த இரண்டாவது வாரம் தேடிப் போனேன், வாசலிலேயே நிறுத்தினாள், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “அவளுக்குப் பரீட்சை நடக்குது அண்ணி, இப்ப வேண்டாம், முடியட்டும்” என்றாள். சரி என்றேன். பரீட்சை என்பது முடிகிற சமாசாரமா, ஒன்று முடிந்தால் இன்னொன்று. வாசற்படியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது, புதுசு, என் செருப்பை விட ஒரு விரல் நீளம், பார்த்துக்கொண்டே நின்றேன், இவ்வளவு பெரிய காலா… உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு துண்டுத்தாளில் நம்பர் எழுதிக் கொடுத்தாள், “வீட்டு போன், அவளும் எடுப்பா, நானும் எடுப்பேன், அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க” என்றாள். அவசரம் என்றால் எது அவசரம்? எனக்குத் தினமும் அவசரமாகத்தான் இருந்தது. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மனதுக்குள் மட்டும் மகளோடு தினம் பேசுவேன், போர்வை மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, படுத்த பிறகு. இன்னிக்கு என்னம்மா பண்ணினே என்பாள், நான் சொல்வேன், அவள் ஓ என்பாள், அப்புறம் என்பாள்.

கதவு திறந்தது. டீச்சர் வெளியே வருகிறார், முகத்தில் ஈயாடவில்லை, எனக்குப் பக்கத்தில் உட்காராமல் முன்னால் குனிந்து நின்று, “புதுசா ஒண்ணு சொல்றாங்க. காகிதத்துல இருக்கறதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதாம். ஒரே ஒரு குடும்பத்துக்குப் போன் போட்டுக் கேக்கப் போறாங்க, எல்லார் முன்னாடியும். உன் பேரை எடுத்திருக்காங்க. நல்லவேளை உன் பேரு வந்துச்சு, உன் பொண்ணைவிட நமக்கு நல்ல சாட்சி யாரு?” என்றார். டீச்சர், என்றேன். என்னம்மா? அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது, மூன்று எழுத்து, இல்லை, குழந்தைகள்கூடச் சொல்கிற சொல். டீச்சர் என் தோளைத் தட்டி, “பயப்படாதே, பத்து நிமிஷத்துல கூப்பிடுவாங்க” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அவர் நடை தள்ளாடுகிறது, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மேஸ்திரி காலையில் சொன்னாள்.

மேஸ்திரியிடமே சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது? அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நாளுக்குக் கணக்கில்லை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தலைவாரி, நல்ல துணி உடுத்தி, மகனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவாள், சாயங்காலம் களைத்துப்போய் வருவாள், எப்படி இருக்கான் என்று கேட்டால் இருக்கான் என்பாள். எனக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைத்ததே என்று ஒரு நாள் நினைப்பேன், இவளுக்கு மட்டும் ஏன் என்று மறுநாள் நினைப்பேன். என் ஆம் பொய்யி, என்றேன் அவளிடம், மகளைப் பார்த்து ஏழு வருஷம் ஆச்சு, ரிஜிஸ்டரைப் பார்த்ததும் வாய் தானா சொல்லிடுச்சு. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.  “உனக்குமா?” என்றாள்.

உனக்குமா. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. “பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன்” என்றாள் மேஸ்திரி, குரலை ஏற்றாமல், போர்வைக்கு நீளம் அகலம் சொல்கிற மாதிரி, “மூணாம் நம்பர் நிக்கற இடத்துல. அவன் வேலைக்கு அந்தப் பக்கமா போவான்னு கேள்விப்பட்டேன். ஞாயித்துக்கிழமை எவனாவது வேலைக்குப் போவானா? எனக்கும் தெரியும். ஆம்னு எழுதிட்டாங்களே, எழுதினதுக்காவது போய்ட்டு வரணுமில்ல.” நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சோப்பு அரித்து அரித்துத் தோல் உரிந்த கை, என் கையும் அப்படித்தான். அப்படியென்றால் மற்ற ஆறு? தம்பியோடு சேர்ந்தேன் என்றாளே சின்னவள், அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றாளே இன்னொருத்தி, ரிஜிஸ்டர் அண்ணன் ஒருவர் ஒருவராகத்தானே கூப்பிட்டார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதானே கேட்டார்… எட்டு ஆம்களும் ஒரே தொழிற்சாலையில் செய்த ஆம்கள். பாவம் அண்ணன், அவர் கேட்டது ஒரு கேள்வி, எங்கள் காதில் விழுந்தது வேறு. இந்தக் கதவுக்குப் பின்னால் குழுக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து அதைக் கூட்டி, வகுத்து, நூற்றுக்கு இத்தனை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் இது இடமில்லை.

என்ன செய்யலாம்? போன் போட்டால் நாத்தனார் எடுத்தாலும் சரி, மகள் எடுத்தாலும் சரி, எங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணுமில்லீங்க என்பார்கள், அது நியாயம்தான், எல்லோர் முன்னாலும் நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நான் நின்றுகொள்கிறேன், எனக்கு நிற்கப் பழக்கம். ஆனால் ஒன்று பொய் என்றால் மற்ற ஏழையும் தோண்டுவார்கள், டீச்சர் பொய்க்கணக்குக் காட்டினார் என்பார்கள், அந்த ஐந்து கடிதங்களுக்கும் என்ன பதில்? போன் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால்? தப்பு என்னுது, டீச்சருக்குத் தெரியாது, மகளோட நான் சேரலை, ஆனா பன்னிரண்டு பேர்ல ஒருத்திகூடத் திரும்ப உள்ள போகலைங்க, அதுக்கு ஏன் ஒரு கட்டம் வைக்கலை என்று கேட்டால்? கேட்கலாம். நல்ல கேள்விதான். இல்லீங்க என்று ஆரம்பித்தால் மற்றது தானாக வந்துவிடும். “சொல்லிப் பாக்கறேன் இரு” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, நடைபாதையின் கடைசிவரை போய், தண்ணீர் வைத்திருக்கிற மேசைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இல்லீங்க. இல்லீங்க. கோப்புகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், என்ன வேணும்மா என்றார். ஆமாங்க என்றேன்.

உள்ளே குளிர். நீள மேசை, பிஸ்கட் தட்டு, யாரும் தொடவில்லை. நடுவில் தலைவர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டுக்கொண்டு, கடுமையான முகம் இல்லை, களைத்த முகம். “உக்காருங்க” என்றார், உட்கார்ந்தேன். டீச்சர் சுவரோரம் நாற்காலியில். கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் இதே மாதிரி இடம் இன்னும் நாற்பது இருக்கு மேடம், எல்லாத்துக்கும் குடுக்க முடியாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் அங்கே இல்லாத மாதிரி, பழகியதுதான். தலைவர் அம்மா காகிதத்தைப் பார்த்து என் பெயரைப் படித்தார், எத்தனை வருஷம் உள்ளே இருந்தீங்க, சொன்னேன், இப்ப என்ன வேலை, சொன்னேன், போர்வை ஒரு நாளைக்கு எத்தனை என்றுகூடச் சொன்னேன். அவர் போனை மேசை நடுவில் வைத்து நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்த ஆரம்பித்தார். இப்போது. இப்போது சொல்லிவிட வேண்டும். மணி அடிக்கிறது, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருக்கிறார், ஒன்று, டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார், இரண்டு, அந்த வீட்டில் போன் எங்கே இருக்கும், மின்விசிறி ஓடிய அறையிலா, மூன்று, எடுக்காதே, யாரும் எடுக்காதீர்கள், நான்கு… “இல்லீங்க” என்றேன். வந்துவிட்டது. என் காதால் கேட்டேன், தெளிவாகத்தான் சொன்னேன், நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அதே நேரம் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். தலைவர் அம்மா எனக்கு நேரே ஒரு விரலை உயர்த்தினார், கொஞ்சம் பொறுங்க என்று.

“அலோ?” ஒரு பெண் குரல். தலைவர் அம்மா தான் யார், எங்கிருந்து பேசுகிறார், எதற்கு என்றெல்லாம் சொன்னார், என் பெயரைச் சொல்லி, “அவங்க மகள்தானே பேசறீங்க?” என்றார்.  தூரத்தில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற ஓசை. “ஆமாங்க” என்றது குரல். “உங்கம்மா வெளியே வந்த பிறகு உங்க குடும்பத்தோட சேர்ந்துட்டாங்களா? தொடர்புல இருக்காங்களா?” குரல் சொன்னது, “ஆமாங்க. சேர்ந்துட்டோம்.” சரிம்மா, ரொம்ப நன்றி, என்று சொல்லித் தலைவர் அம்மா வைத்துவிட்டார். அவ்வளவுதான். காகிதத்தில் ஏதோ குறித்தார். கோடு போட்ட சட்டைக்காரர்கூடத் தலையை ஆட்டினார், டீச்சர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

யார் அது? பதினொரு வயதுக் குரலை வைத்துக்கொண்டுதான் நான் ஏழு வருடம் பேசிக்கொண்டிருந்தேன், இன்னிக்கு என்னம்மா பண்ணினே என்று கேட்டது, ஓ என்றது, எல்லாம் அந்தக் குரல்தான், அதற்குப் பதினெட்டு வயதாகும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இது கொஞ்சம் கனத்த குரல். நாத்தனாரா? ஆபீஸிலிருந்து போன் என்றதும், வம்பு வேண்டாம், கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லி வைத்துவிடலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம், போலீஸ் வீட்டுக்கு வந்து போன நாட்களிலிருந்து அவளுக்குப் பயம். மகளா? என் மகளுக்குச் சளி பிடித்தால் இப்படித்தான் கனக்கும், அது எட்டு வயதில். இல்லை, அவளேதானா… அவளேதான் என்றால், அந்தச் சேர்ந்துட்டோம் யாருக்குச் சொன்னது, தலைவர் அம்மாவுக்கா, நான் பக்கத்தில் இருப்பேன் என்று தெரிந்தா? தலைவர் அம்மா கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

“ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னம்மா அது?” என்றார்.

எல்லோரும் பார்க்கிறார்கள். சொல்ல வந்தது இன்னும் வாயில்தான் இருக்கிறது, இப்போது தடை எதுவும் இல்லை, சுலபமாக வந்துவிடும். ஆனால் அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகளின் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.